வேலிக்கு அந்தப் பக்கத்துத் தங்கச்சி

தெய்வநாயகிக்கு வாய் ஜாஸ்தி என்று செம்மண்பாளையத்தில் எல்லாரும் சொல்வார்கள். சொல்கிறவர்கள் மட்டும் என்னவோ வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு திரிகிற மாதிரி! அவள் யாரிடமும் வலியப் போய்ச் சண்டை பிடித்ததில்லை. தான் உண்டு, தன் வேலை உண்டு என்றுதான் இருப்பாள். ஆனால் ஒன்றைச் செய்வதென்று முடிவு கட்டிவிட்டாளானால், அப்புறம் யார் வந்து குறுக்கே நின்றாலும் நகர மாட்டாள். கோழிப்பண்ணை வேலியோரம் அவள் பாடம் எடுக்க ஆரம்பித்ததும் அப்படித்தான்.

மோகனூர் போகிற சாலையில், ஊருக்குக் கிழக்கே இருக்கிறது சந்திரசேகரின் பண்ணை. சந்திரசேகர் வேறு யாருமில்லை, அவள் புருஷன் செங்கோடனுக்குச் சித்தப்பா மகன். அவளுக்குக் கொழுந்தன். முட்டை பொறுக்க, தீவனம் போட, எரு அள்ள எல்லாவற்றுக்கும் அங்கே ஒடிசாவிலிருந்து வந்த ஐந்தாறு குடும்பங்கள் இருந்தன. வெளியாள் உள்ளே நுழையக் கூடாது, உள்ளாள் வெளியே சுற்றக் கூடாது, கோழிக்குச் சீக்கு வந்துவிடும் என்பது பண்ணைச் சட்டம். கேட்டில் எந்நேரமும் பூட்டுத் தொங்கும். சாவி சந்திரசேகரின் இடுப்பில் தொங்கும்.

"முட்டை லாரி வந்தா மட்டும் தொறக்கறயே, டயர்ல சீக்கு ஒட்டாதா?" என்று தெய்வநாயகி ஒருதரம் கேட்டாள்.

"டயருக்கு மருந்து அடிக்கறமுங்க நங்கையா" என்றான் சந்திரசேகர். அந்தப் பக்கத்தில் அண்ணியை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அப்ப எனக்கும் அடி" என்று காலை நீட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். கேட்டு திறக்கவில்லை.

சரி, போ என்று அவள் கம்பிவேலிக்கு வெளியே நின்றாள். அவர்கள் உள்ளே உட்கார்ந்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு மணி நேரம் பாடம். பழைய தீவன மூட்டையைக் கிழித்து வேலியில் கட்டி, அதில் கரியால் எழுதுவாள். அ, ஆ என்று தொடங்கவில்லை. தண்ணி, காய்ச்சல், வலிக்குது, மருந்து, நாமக்கல், மோகனூர், ஆஸ்பத்திரி. எது இல்லாவிட்டால் ஒரு மனுஷி அந்நிய ஊரில் தவித்துப் போவாளோ அதிலிருந்து தொடங்கினாள்.

அது அவளாகக் கண்டுபிடித்த முறை இல்லை. அவளே அப்படிக் கற்றவள்தான்.

கல்யாணமான புதிதில் செங்கோடன் திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தான். ஒடிசாவில் பலாங்கீர் பக்கம் ஊர் ஊராகப் போர்க்கிணறு போடப் போய்விடுவான். போனால் வாரக்கணக்கில் ஆள் வரமாட்டான். பலாங்கீரில் ஒற்றை அறையில், ஒரு சொல் பாஷை தெரியாமல், இவள் தனியாகக் கிடந்தாள். பக்கத்து வீட்டு சபித்ரிதான் தினமும் காலையில் வந்து, குடத்தைத் தொட்டு ஒரு சொல், அடுப்பைத் தொட்டு ஒரு சொல், வயிற்றைத் தொட்டு ஒரு சொல் என்று பேசக் கற்றுக்கொடுத்தாள். மகள் ஷாலினி பிறந்தபோது தெய்வநாயகியின் அம்மாவுக்கு வர வழியில்லை. கையைப் பிடித்துக்கொண்டு ராப்பகலாகப் பக்கத்தில் இருந்தவளும் சபித்ரிதான்.

ஊர் திரும்பும்போது அவளுக்கு இளம்பிள்ளை ஊரில் நெய்த சேலை ஒன்றைக் கொடுத்தாள் தெய்வநாயகி. சபித்ரி வாங்கவில்லை. "உங்க ஊருக்கு எங்க பொண்ணு யாராவது வந்தா, அவளுக்குப் பேச்சுக் கத்துக்கொடு, அது போதும்" என்று சொல்லிவிட்டாள். தெய்வநாயகி சத்தியம் செய்தாள். எங்கள் ஊர்க் காட்டுக்கு இவ்வளவு தூரத்திலிருந்து யார் வரப்போகிறார்கள் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே செய்தாள். இப்போது அவர்கள் வந்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டு செய்தாலும் சத்தியம் சத்தியந்தானே.

பண்ணையில் இருந்தவர்களில் ஜமுனா கெட்டிக்காரி. பலாங்கீர்க்காரிதான். அந்தப் பக்கத்து வழக்கப்படி தெய்வநாயகியை நானி என்று கூப்பிடுவாள். அக்கா என்று அர்த்தம். புருஷன் டிக்கேஸ்வர் வாய் திறக்காத ஆள். மூன்று வயதில் ஒரு பையன்.

அந்தப் பையனுக்கு ஒரு சாயங்காலம் காய்ச்சல் ஏறி இழுப்பு வந்துவிட்டது. டிக்கேஸ்வர் பண்ணை வண்டியில் தீவன மில்லுக்குப் போயிருந்தான். கேட்டில் பூட்டு. ஜமுனா சந்திரசேகருக்குப் போன் அடித்தாள், அடித்தாள், அவன் எடுக்கவே இல்லை. ஜமுனா பார்த்தாள். பிள்ளையை வேலிக்கு மேலாக, சாலையில் போன ஒரு கிழவியின் கையில் கொடுத்தாள். சேலை கிழியக் கிழியத் தானும் ஏறிக் குதித்தாள். வந்த பஸ்ஸில் நாமக்கல் என்ற போர்டை அவளே படித்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம், "மூணு நாளாக் காய்ச்சல், தண்ணி குடிக்கல, இப்ப இழுத்துச்சு" என்று தமிழில் சொன்னாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

இதைக் கேட்டதும் தெய்வநாயகிக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சந்திரசேகர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எல்லாம் உங்களாலதானுங்க நங்கையா. வேலி தாண்டறாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. எந்தச் சீக்கக் கொண்டாந்து கோழிக்கு ஒட்ட வெப்பாங்களோ! ஒரு செட்டு கோழி போச்சுன்னா நான் தெருவுல நிக்கோணும், தெரியுமுங்களா?"

"புள்ளைக்கு இழுப்புப்பா. உனக்குப் போன் பண்ணுனாளாமே?"

"கல்யாண ஊட்ல இருந்தனுங்க. எடுக்க முடியல."

"அப்ப பந்தி முடியற வரைக்கும் இழுப்புப் பொறுத்துக்குமா?"

அவன் முகம் சிவந்துவிட்டது. பொல்லாதவன் என்று சொல்ல முடியாது. போன முறை சீக்கு வந்து கொட்டகை கொட்டகையாகக் கோழியைப் புதைத்தவன், அந்தப் பயம் அவனை விட்டுப் போகவே இல்லை. ஆனால் பயந்தவன் கையில் சாவி இருந்தால் அடுத்தவன் பாடு திண்டாட்டந்தான்.

"நாளைக்குக் காத்தால வேன் வருதுங்க. அந்தக் குடும்பத்தைச் சேலம் ஜங்ஷன்ல ஏத்தி உட்டுருவேன். மத்தவங்களுக்கும் அது ஒரு பாடமா இருக்கட்டும். நீங்களும் வேலியோரம் வராதீங்க."

"பாடம் எடுக்கறது என் வேலை. நீ எடுக்காத" என்றாள் தெய்வநாயகி. அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

வாயால் சொல்லிவிட்டாளே தவிர, என்ன செய்வது என்று அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. அவளுக்கு இருந்த வேலையே வேறு. ஷாலினிக்கு மாசம் நிறைந்துவிட்டது. மறுநாள் முதல் பஸ்ஸில் கோயமுத்தூர் போய் மகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பையைக் கட்டி வைத்திருந்தாள். முதுகு வலிக்கு பெல்ட் கட்டிக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தான் செங்கோடன். ரிக் வண்டி அவனுக்குக் கொடுத்த சீதனம் அந்த வலிதான்.

அன்று சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் நோம்பி சாட்டு. சாட்டு என்றால், திருவிழா தொடங்கிவிட்டது என்று ஊருக்கு அறிவிப்பது. அன்றைக்கே கோயில் முன்னால் முக்கிளைக் கம்பம் நடுவார்கள். அதிலிருந்து பதினைந்து நாள் கழித்துக் கம்பத்தை எடுத்துக் காவிரியில் விடுகிற வரைக்கும், சாட்டின ராத்திரி ஊருக்குள் இருந்தவர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. இது அந்தக் காலத்துக் கட்டு. இப்போதெல்லாம் பெங்களூர் வேலைக்காரர்கள் போவதும் வருவதுமாகத்தான் இருக்கிறார்கள். ஊரும் கண்டும் காணாமல் விட்டுவிடும்.

தர்மகர்த்தா முருகானந்தத்துக்கு மைக் கையில் கிடைத்தால் போதும், கீழே வைக்க மனசு வராது. அன்றும் அப்படித்தான், நாலு வார்த்தையில் முடிகிற சேதியைப் பந்தல் போட்டு அலங்காரம் பண்ணினார்.

"நம்ம ஊர் எல்லைக்குள்ள இன்னைக்கு ராத்திரி மூச்சு உடற ஒவ்வொரு சீவனும், உள்ளூரோ வெளியூரோ, ஏழையோ பணக்காரனோ, கம்பம் ஆத்துக்குப் போற வரைக்கும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது! மீறினா ஆத்தா கேப்பா!"

பையில் வைக்கச் சேலை மடித்துக்கொண்டிருந்த தெய்வநாயகியின் கை நின்றுவிட்டது.

"ஏனுங்க, கேட்டீங்களா?"

"கேக்காம என்ன, காது கிழியுது."

"உள்ளூரோ வெளியூரோங்கறாரு. மூச்சு உடற எல்லாருமாம்."

செங்கோடன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். அப்புறம் கட்டி வைத்திருந்த பையைப் பார்த்தான். "நாயகி, அந்தக் கட்டை நீ இறுக்குனீன்னா அது உன்னையும் சேத்து இறுக்கும். யோசிச்சுக்க."

யோசித்தாள். அடுப்பில் சோறு கொதித்து வடிகிற வரைக்கும் யோசித்தாள். அப்புறம் பைக்குள் இருந்த சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கொடியில் போட்டாள். பிரசவ மருந்தையும், மகளுக்கென்று இடித்து வைத்திருந்த பொடியையும் எடுத்து வைக்கும்போது மட்டும் அவளுக்குக் கண் கலங்கியது.

விடியற்காலையில் பெண்களெல்லாம் தலைக்குக் குளித்து, ஈரச் சேலையோடு கம்பத்துக்கு மஞ்சள் தண்ணி ஊற்ற வந்திருந்தார்கள். பண்ணையிலிருந்து சேலம் போகிற வண்டி கோயிலைத் தாண்டித்தான் போக வேண்டும். வேன் வந்தது. உள்ளே ஜமுனா, டிக்கேஸ்வர், பிள்ளை, இரண்டு மூட்டை. முன்னால் பைக்கில் சந்திரசேகர்.

தெய்வநாயகி சொம்பும் கையுமாகப் போய் வேனுக்கு நேர் முன்னால் நின்றாள்.

"வழி உடுங்க நங்கையா."

"உடமாட்டேன். சாட்டியாச்சு. யாரும் ஊரை உட்டுப் போகக் கூடாது."

கூட்டம் கூடிவிட்டது. முருகானந்தம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "அம்மிணி, அது நம்ம சனத்துக்குச் சொன்னதுங்க. இவங்க வடக்கத்திக்காரங்க..."

"வெளியூரோன்னு உங்க வாயால சொன்னீங்களா, இல்லீங்களா?"

"அது ஒரு பேச்சுக்கு..."

"ராத்திரி இவங்க எங்க படுத்திருந்தாங்க? எல்லைக்குள்ளதானுங்களே? மூச்சு உட்டாங்களா, இல்லீங்களா? மைக்குல நீங்க சொன்னது ஆத்தா காதுல விழுந்துச்சா, இல்ல அவ காதைப் பொத்திக்கிட்டாளா?"

முருகானந்தம் பூசாரியைப் பார்த்தார். பூசாரி கம்பத்தைப் பார்த்தார். கடைசியில் பூசாரியே, "சாட்டுன வாக்கு சாட்டுனதுதானுங்க" என்றார்.

அங்காளம்மாள் என்று ஒருத்தி, ஊரில் எந்தப் பஞ்சாயத்திலும் மூக்கை நுழைக்காமல் இருக்க மாட்டாள். இத்தனை நாளும் தெய்வநாயகியின் பாடத்தைக் கேலி பேசிக்கொண்டிருந்தவள். "ஏனுங்க, வம்ப வெல குடுத்து வாங்கறீங்க? மாரி மழை இல்லாம ஏற்கெனவே கெணறு காஞ்சு கெடக்குது. இருந்துட்டுப் போகட்டும் உடுங்க" என்றாள்.

சந்திரசேகருக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. "சரிங்க. கட்டுன்னா எல்லாருக்கும் ஒரே கட்டுதான். கோயமுத்தூருக்குப் பை கட்டி வெச்சிருக்கீங்களாமே நங்கையா? அதென்ன, உங்களுக்கு ஒண்ணு அவங்களுக்கு ஒண்ணா?"

கூட்டம் தெய்வநாயகி பக்கம் திரும்பியது. ஷாலினியின் பிரசவம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. போய்விட்டு வா என்றுதான் ஊரே சொல்லியிருக்கும். இவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாளே என்று பார்த்தார்கள்.

"பையை அவுத்து வெச்சுட்டுத்தான் வந்திருக்கேன்" என்றாள் தெய்வநாயகி. வேன் முன்னாலிருந்து நகரவில்லை.

சந்திரசேகர் பைக்கைத் திருப்பினான். அப்புறம், "கம்பம் போற அன்னைக்கு இதே வேன் வருமுங்க" என்றான்.

"வரட்டும். ஆனா கட்டுல அடங்குனவங்க தெனமும் வந்து கம்பத்துக்குத் தண்ணி ஊத்தோணும். ஊத்தலீன்னா தெய்வக் குத்தம். காத்தால கேட்டைத் தொறந்து உடு" என்று சொல்லிவிட்டு, வேன் கதவைத் திறந்து தன் கைச் சொம்பை ஜமுனாவிடம் கொடுத்தாள்.

அன்றைக்கு ஷாலினி போனில் கத்தினாள். "என்னைவிட அந்த ஒரிசாக்காரி முக்கியமாப் போயிட்டாளாம்மா உனக்கு?"

"நீ பொறந்தப்ப எங்கம்மா வரல கண்ணு. ஒரு ஒரிசாக்காரிதான்..."

"அதைக் கேட்டுக் கேட்டுச் சலிச்சுப் போச்சு. எனக்கு இப்ப என் அம்மா வேணும். அவ்வளவுதான்." போனை வைத்துவிட்டாள்.

மகள் சொன்னதில் என்ன தப்பு? ஒரு தப்புமில்லை. அது தெரிந்ததால்தான் தெய்வநாயகி கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அழுதாள். சந்திரசேகர் மேல் ஆத்திரம், ஊர் மேல் ஆத்திரம், தன் மேலேயே ஆத்திரம். ஆனாலும் மறுநாள் விடியும் முன் குளித்துவிட்டுக் கம்பத்தடிக்குப் போய்விட்டாள்.

கேட்டு தினமும் திறந்தது. ஒடிசாப் பெண்கள் அத்தனை பேரும் ஈரச் சேலையோடு வந்து தண்ணி ஊற்றினார்கள். ஊற்றி முடித்ததும் கோயில் வேப்பமரத்தடியிலேயே பாடம். நடுவில் வேலி இல்லை. முதல் இரண்டு நாள் ஊர்ப் பெண்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். மூன்றாம் நாள் அங்காளம்மாளால் தாங்க முடியவில்லை.

"ஏன் அம்மிணி, இவ உங்களை என்னமோ நானி நானிங்கறாளே, என்ன முறை?"

"அக்கான்னு அர்த்தம். இவ எனக்குத் தங்கச்சி."

"அட சாமி! அப்பச் சந்திரசேகருக்குக் கொழுந்தியா முறை ஆயிருச்சே! மஞ்சத் தண்ணி ஊத்தலாமே!" என்று அங்காளம்மாள் கைகொட்டிச் சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். கம்பம் எடுக்கிற நாளில் பெண்கள் முறைக்காரர்கள் மேல் மஞ்சள் தண்ணி ஊற்றுவார்கள். நனைந்தவன் கோபிக்கக் கூடாது. என்ன வேண்டும் என்று கேட்டு, கேட்டதைக் கொடுக்க வேண்டும். சேலை கேட்பார்கள், ஐஸ்கிரீம் கேட்பார்கள். இதையெல்லாம் ஜமுனா ஒன்றுக்கு இரண்டு தடவை விசாரித்துத் தெரிந்துகொண்டாள்.

ஷாலினிக்குக் குழந்தை பிறந்த சேதி ஒரு காலை நேரத்தில் கம்பத்தடியில்தான் வந்தது. மருமகன் சித்தார்த் கூப்பிட்டான். பெண் குழந்தை, இருவரும் நலம். தெய்வநாயகி போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. ஜமுனாவுக்குத் தெரிந்தது. நாக்கைச் சுழற்றி உலுலு என்று ஓங்கிக் குரல் கொடுத்தாள். கூட இருந்த ஒடிசாப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் ஊரில் பிள்ளை பிறந்தால் அப்படித்தான். "இது நம்ம குலவையில்ல!" என்று அங்காளம்மாளும் ஆரம்பித்துவிட்டாள்.

போனில் ஷாலினியின் குரல் மெல்லமாக வந்தது. "என்னம்மா சத்தம் அது?"

"நீ பொறந்தப்பவும் இதே சத்தந்தான் கண்ணு. அப்ப ஒரே ஒருத்தி போட்டா. இப்ப ஊரே போடுது."

அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டது. "எப்பம்மா வார?"

"கம்பம் போன அன்னைக்கே வாரேன்."

கம்பம் காவிரிக்குப் போன அன்று மத்தியானம், ஊரே மஞ்சளாக இருந்தது. சொன்ன மாதிரி வேன் வந்து கோயிலடியில் நின்றது. சந்திரசேகர் வெள்ளைச் சட்டையில், இடுப்பில் சாவிக்கொத்தோடு வேனுக்குப் பக்கத்தில் நின்றான். டிக்கேஸ்வர் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். பின்னாலேயே ஜமுனா வந்தாள். அவள் இடுப்பில் பிள்ளை இல்லை, குடம் இருந்தது.

சந்திரசேகருக்கு எதிரில் வந்து நின்றுகொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி தமிழில் கேட்டாள். "நானி, இவரு எனக்கு முறைதானே?"

"முறைதான். ஊத்து" என்றாள் தெய்வநாயகி.

குடம் முழுக்க ஊற்றினாள். தலையிலிருந்து செருப்பு வரைக்கும் மஞ்சள். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. சந்திரசேகர் கையை ஓங்காத குறைதான். ஆனால் நோம்பி நாளில், கோயிலடியில், முறைக்காரியிடம் கோபித்தால் ஆம்பளைக்கு அதைவிட அசிங்கம் வேறு கிடையாது.

"கேளுங்க, கேளுங்க! கேக்காமப் போகக் கூடாது" என்று அங்காளம்மாள் விரட்டினாள்.

அவன் முகத்தை வழித்துக்கொண்டான். "என்ன வேணும்? சேலையா?"

"சாவி" என்றாள் ஜமுனா.

"என்ன சாவி?"

"கேட்டுச் சாவி. நான் போகமாட்டேன், மாமா. இங்கதான் வேலை செய்வேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா உங்களுக்குப் போன் பண்ணமாட்டேன். நானே திறப்பேன், நானே போவேன், நானே வந்து பூட்டுவேன். மருந்துத் தண்ணியில கால் கழுவிட்டு உள்ள வருவேன். உங்க கோழி சாகாது. என் பிள்ளையும் சாகாது."

அவ்வளவு நீளமாக அவள் தமிழ் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். சந்திரசேகர் சுற்றிலும் பார்த்தான். பதினைந்து நாளாக அவளோடு சேர்ந்து தண்ணி ஊற்றிய பெண்கள் அத்தனை பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் அவனுக்காகப் பேசவில்லை.

முருகானந்தத்தின் கையில் மைக் இருந்தது. கேட்க வேண்டுமா? "மொறைக்காரப் பொண்ணு கேட்டது கேட்டுச் சாவி! நம்ம சந்திரசேகர் குடுக்கறாரா இல்லையான்னு ஆத்தா பாத்துக்கிட்டு இருக்கா!" என்று ஊருக்கே அறிவித்துவிட்டார்.

சாவிக்கொத்தின் வளையத்தோடு சந்திரசேகர் ரொம்ப நேரம் மல்லுக்கட்டினான். ஈரக் கையில் வழுக்கியது. கடைசியில் ஒரு சாவி கழன்று வந்தது. ஜமுனா அதை வாங்கி, சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். டிக்கேஸ்வர் யாரையும் கேட்காமல் மூட்டைகளை மறுபடி தூக்கிக்கொண்டு பண்ணைப் பக்கம் நடந்தான்.

வேன் டிரைவர் தலையைச் சொறிந்தான். "அப்பச் சேலம் ஜங்ஷன் இல்லீங்களா?"

"ஆரு சொன்னா வண்டி சும்மா திரும்புதுன்னு?" தெய்வநாயகி பையோடு வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "கோயமுத்தூருக்கு உடு. என் பேத்தி காத்துக்கிட்டு இருக்கா."

சந்திரசேகர் சொட்டச் சொட்ட ஜன்னலோரம் வந்து நின்றான். அவனுக்கும் சிரிப்பு வந்துவிடும் போலத்தான் இருந்தது. அடக்கிக்கொண்டான். "போயிட்டு வந்து மறுபடியும் அந்த வேலியோரம் நிக்கப் போறீங்களா நங்கையா?"

"நான் எதுக்குப்பா வேலியோரம் நிக்கோணும்? உள்ளாற வந்து உக்காந்துதான் எடுப்பேன். சாவி என் தங்கச்சிகிட்ட இருக்குது."